அத்தை வீட்டுக்கு ஒரு ஓடை

சிதம்பரத்துல நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன்கிட்ட லைப்ரரின்னு சொன்னா, அவனுக்கு ஞாபகம் வர்றது அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகம்தான். அங்க ஃபேனுக்குக் கீழ இடம் பிடிச்சுத் தூங்கினது தனிக்கதை. (அரியர் பேப்பருக்குப் படிச்சேன்னு சொன்னா எங்க அம்மாவே நம்ப மாட்டாங்க.) இப்ப நான் புலம்பப் போறது வேற லைப்ரரி. பொட்டி தட்டுற மக்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்காக ரெண்டு வரி. நாம எழுத வேண்டிய நிரலை வேற ஒரு புண்ணியவான் ஏற்கெனவே எழுதி, எடுத்துக்கோன்னு பொதுவுல வச்சிருப்பார். அதுதான் லைப்ரரி. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுக்குற மாதிரின்னு வச்சுக்குங்க. எடுக்கும்போது அண்டாவைத் தட்டிப் பார்த்து, தண்ணி ஊத்திப் பார்த்து எடுக்கணும். நான் தட்டிப் பார்த்தேன், தண்ணி ஊத்திப் பார்க்கல. அந்தக் கதைதான் இது.

எங்க வீடு சிதம்பரம். அத்தை வீடு கடலூர், குண்டு உப்பலவாடி பக்கம், தென்பெண்ணை கடல்ல கலக்குற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. எங்க மாவட்டத்துக்காரனுக்குத் தண்ணியைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம்னு எங்கெங்கயோ பெய்யுற மழையெல்லாம் எங்க ஊர் வழியாத்தான் கடலுக்குப் போகும். 2004 சுனாமி அப்ப நான் சின்னப் பையன். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் வந்தப்ப ஒன்பதாவது. பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கிடந்தது இன்னும் கண்ணுல நிக்குது. 2015 வெள்ளத்துல காலேஜ் லீவு. 2020 டிசம்பர்ல புரெவி மழைக்கு நடராஜர் கோயிலுக்குள்ளயே தண்ணி. இப்படி வயசை வருஷத்தால எண்ணாம புயலால எண்ணுற ஊருங்க எங்க ஊரு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப சென்னையில ரூம்ல மாட்டிக்கிட்டேன். கரண்ட் இல்ல, தண்ணி இல்ல, ஆனா வாட்ஸப்ல மட்டும் குறையே இல்ல. அந்த ஏரி உடைஞ்சிடுச்சு, இந்த அணை உடைஞ்சிடுச்சுன்னு ஒரே ஃபார்வர்டு. இதுல பாதி நாலஞ்சு வருஷத்துக்கு முந்தின படம். அந்தப் படங்களையே பார்த்துட்டு கடலூர்லேருந்து அத்தை போன் பண்ணி அழுவுறாங்க. அன்னிக்குத்தான் ஐடியா வந்துச்சு. நம்பகமான நாலஞ்சு தளத்தோட செய்தியோடையை ஒரு நிரல் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் படிக்கட்டும். அதுல கடலூர், தென்பெண்ணை, கொள்ளிடம், சாத்தனூர்னு வார்த்தை வந்தா டெலிகிராம்ல அத்தைக்கும் எங்க வீட்டுக்கும் அனுப்பட்டும். அவ்வளவுதான். ஒரு ஞாயித்துக்கிழமை வேலைன்னு நினைச்சேன். (இப்படி நினைச்ச எந்த வேலையாவது ஒரு ஞாயித்துக்கிழமையில முடிஞ்சிருக்கா?)

செய்தியோடைன்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு: ஒரு தளத்துல புதுசா என்ன வந்திருக்குன்னு தலைப்பு, சுட்டி, நேரம் எல்லாம் போட்டு, மனுஷன் படிக்கிறதுக்கு இல்லாம நிரல் படிக்கிறதுக்குன்னே வைக்கிற கோப்பு. 1999-ல நெட்ஸ்கேப் கம்பெனியில இதோட முதல் வடிவத்தை உருவாக்கினாங்க. அதைச் செஞ்சவங்கள்ல ஒருத்தர் ராமநாதன் குஹா, நம்ம சென்னை ஐ.ஐ.டி.ல படிச்சவர். பேரு ஆர்.எஸ்.எஸ். (அரசியல் இல்லீங்க, பயப்படாதீங்க.) அப்புறம் ஆளாளுக்கு ஒரு பதிப்பு. 0.90, 0.91, 1.0, 2.0ன்னு போயி, இந்தச் சண்டையே வேணாம்னு சில பேர் ஆட்டம்னு தனியா ஒண்ணு எழுதி 2005 டிசம்பர்ல தரமாக்கினாங்க. விளைவு, ஓடை படிக்கணும்னா இத்தனை பேச்சுவழக்கும் தெரிஞ்சிருக்கணும். ஒருத்தர் தேதியை ஒரு பேர்ல வைப்பார், இன்னொருத்தர் வேற பேர்ல வைப்பார், மூணாவது ஆள் தேதியே போட மாட்டார்.

முதல்ல லைப்ரரியே வேணாம், நானே கிழிக்கிறேன்னு ரெகுலர் எக்ஸ்பிரஷன் போட்டு எழுதினேன். ரெண்டு நாள் ஓடுச்சு, மூணாவது நாள் படுத்துடுச்சு. சரி போன்னு பைத்தானோடயே சும்மா வர்ற எலிமென்ட்ட்ரீக்குப் போனேன். அது பயங்கர ஸ்ட்ரிக்ட் வாத்தியார். ஒரு ஓடையில 'கடலூர் & விழுப்புரம்'னு தலைப்பு. நடுவுல இருக்கே அந்தக் குறி, அதை எக்ஸ்.எம்.எல்.ல அப்படியே போடக் கூடாது, மாத்தி எழுதணும். அவங்க எழுதல. உடனே எலிமென்ட்ட்ரீ மொத்த ஓடையையும் தூக்கிப் போட்டுடுச்சு. மத்த இருபது செய்தி நல்லா இருந்தும் ஒண்ணுகூட வரல. அது அதோட தப்பில்ல. 1998-ல எக்ஸ்.எம்.எல். தரம் எழுதினப்பவே, இலக்கணப் பிழை கண்டா அங்கயே நிறுத்து, நீயா ஊகிச்சுப் படிக்காதேன்னுதான் விதி வச்சாங்க. எல்எக்ஸ்எம்எல்னு இன்னொண்ணு இருக்கு. சி மொழியில எழுதின லைப்ரரி மேல ஓடுறதால வேகம் அதிகம், பிழையைத் தாண்டிப் போகவும் சொல்லலாம். ஆனா பிரிச்சுக் கொடுக்கிறதோட அதுக்கு வேலை முடிஞ்சது. இது தலைப்பு, இது தேதின்னு பதிப்புக்குப் பதிப்பு கண்டுபிடிக்கிறது நம்ம தலையெழுத்து.

கடைசியா ஃபீட்பார்சர். மார்க் பில்கிரிம்ங்கிறவர் 2002-ல ஆரம்பிச்சது. எந்தப் பதிப்பா இருந்தாலும், எவ்வளவு கந்தலா இருந்தாலும் தையல் போட்டு ஒரே மாதிரி கொடுத்துடும். இதுல ஒரு கிளைக்கதை. அந்த மனுஷன் 2011-ல ஒருநாள் தன்னோட தளம், கணக்கு எல்லாத்தையும் அழிச்சுட்டு இணையத்தை விட்டே போயிட்டார். உரிமம் திறந்த உரிமமா இருந்ததால வேற ஆளுங்க எடுத்துப் பார்த்துக்கிட்டாங்க, 2020-ல 6.0 பதிப்பும் வந்துச்சு. லைப்ரரி எடுக்கும்போது எழுதினவர் போயிட்டா யார் பார்த்துப்பாங்கன்னு ஒரு கேள்வி கேக்கணும்னு சொல்றது இதுக்குத்தான். நான் கேட்டேன், பதில் திருப்தி. எல்லாம் யோசிச்சுத்தான் எடுத்தேன்னு எனக்குப் பெருமை வேற. மாமா ஊரெல்லாம், எங்க மாப்ள ஒரு மெசின் பண்ணிக் குடுத்திருக்கான், மழை வந்தா அதுவே சொல்லும்னு தம்பட்டம். 2024 முழுக்க நல்லா ஓடுச்சு. ஆகஸ்ட்ல கொள்ளிடத்துல தண்ணி வந்தப்ப எங்க வீட்டுக்குச் சேதி வந்துச்சு. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. அதுவரைக்கும் என் நிரல் கரெக்டா வரிசையா அனுப்பிக்கிட்டே இருந்துச்சு. கடந்தாச்சுன்னதும் எல்லாருக்கும் ஒரு நிம்மதி. ஆனா தண்ணியோட கதை புயலோட முடியாதே. உள்மாவட்டத்துல பேய்மழை. சாத்தனூர் அணை திருவண்ணாமலை மாவட்டத்துல இருக்கு, 119 அடி. அது நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தென்பெண்ணையில திறந்து விட்டாங்க. அந்தத் தண்ணி விழுப்புரம் வழியா எங்க அத்தை வீட்டுப் பக்கம் வர்றதுக்கு எத்தனையோ மணி நேரம் ஆகும். அந்த நேரத்துல ஒரு குடும்பம் அரிசியை மேல ஏத்தலாம், சர்ட்டிஃபிகேட்டைக் கவர்ல போடலாம், கிளம்பியே போகலாம். என் நிரல் எதுக்காகப் பொறந்துச்சோ, அந்த நேரம் அதுதான்.

நிரல் ஒண்ணும் சொல்லல.

நான் சென்னையில ஆபீஸ்ல ரிலீஸ் வேலையில முழுகிக் கிடந்தேன். மெசேஜ் வரல, சரி பிரச்சினை இல்லன்னு நானும் நினைச்சுக்கிட்டேன். 3-ம் தேதி மத்தியானம்தான் அத்தை லைன்ல கிடைச்சாங்க. பக்கத்து மாடி வீட்டுல இருந்தாங்க. வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. தையல் மெசின் மோட்டார் போச்சு, தைக்கக் கொடுத்திருந்த ஊர்க்காரங்க துணியெல்லாம் போச்சு, ரெண்டு மூட்டை அரிசி போச்சு. மாமா பக்கத்துத் தெருப் பையன்களோட சேர்ந்து ஆட்டை மட்டும் மேல ஏத்திட்டார். உயிருக்கு ஒண்ணும் இல்ல. சாயங்காலமே மைக் கட்டின ஆட்டோ வந்து சொல்லிட்டுப் போச்சாம். பக்கத்து வீட்டுக்காரங்க கிளம்பிட்டாங்களாம்.

"நீங்க ஏன் அத்தை அப்பவே கிளம்பல?"

"உன் மெசின் ஒண்ணும் சொல்லலியேடா. எப்பவும் சொல்லுமேன்னுதான் பேசாம இருந்துட்டோம்."

இதை அவங்க திட்டுற மாதிரிகூடச் சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்கு அதுக்கு மேல பேச்சு வரல. நான் எதுவுமே செய்யாம இருந்திருந்தா அவங்க ஆட்டோ சத்தத்தை நம்பியிருப்பாங்க. நான் செஞ்சு கொடுத்ததாலதான் உக்காந்திருந்தாங்க.

அன்னிக்கு ராத்திரி லாகை எடுத்துப் பார்த்தேன். டிசம்பர் 1 ராத்திரியிலேருந்து பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஒரே வரி. 'புதிய செய்தி: 0'. அடுத்த வரியும் 0. கீழ வரைக்கும் 0. ஒரு பிழைகூட இல்ல, அவ்வளவு சுத்தமான லாகை நான் பார்த்ததே இல்ல. நடந்தது இதுதான். ஊரே செய்தி தேடுற நேரம், நான் நம்பியிருந்த தளத்தால தாங்க முடியல, இணைப்பே கிடைக்கல. ஃபீட்பார்சர்கிட்ட நேரடியா முகவரியைக் கொடுத்தா, அதுவே போய் எடுத்துட்டு வரும். எடுக்க முடியலன்னா கத்தாது, நிரலை நிறுத்தாது. காலியான ஒரு பட்டியலைக் கையில கொடுத்துட்டு, 'போஸோ'ன்னு ஒரு கொடியை மட்டும் ஏத்தி வைக்கும். கூடவே என்ன கோளாறுன்னு ஒரு சீட்டும் இருக்கும். போஸோன்னா அமெரிக்கப் பேச்சுவழக்குல மக்குன்னு அர்த்தம். ஓடை மக்கா இருந்தாலும் இந்தக் கொடிதான், ஓடையே வரலன்னாலும் இந்தக் கொடிதான். இந்தக் கொடியைப் பத்தி ஆவணத்துல எழுதியிருக்கு. நான்தான் படிக்கல. பட்டியலை மட்டும் சுத்தி வந்தேன். காலிப் பட்டியலைச் சுத்தி வந்தா சுழியம்தானே வரும்?

ஆக, மக்கு யாருன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும்.

நான் லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தப்ப கேட்ட கேள்வி எல்லாமே, எது நல்லா படிக்கும்ங்கிறதைப் பத்தினதுதான். படிக்க முடியலன்னா அது எப்படிச் சொல்லும்னு ஒருதரம்கூடக் கேக்கல. ஆபீஸுக்குப் போற வழியில செய்தி படிக்கிறதுக்குன்னா அது பெரிய விஷயமே இல்ல. ஒரு கட்டுரை வரலன்னா நாளைக்கு வரும். அபாயச் சேதிக்கு அப்படி இல்ல. செய்தி இல்லங்கிறதும், எனக்குத் தெரியலங்கிறதும் வேற வேற. என் நிரல் ரெண்டையும் ஒரே சுழியமா எழுதி வச்சிருந்துச்சு. அத்தைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே மௌனம்.

கிளறக் கிளற இன்னும் ரெண்டு வந்துச்சு. ஒரு ஓடையில நேரத்துக்குப் பக்கத்துல 'ஐ.எஸ்.டி.'ன்னு போட்டிருந்தாங்க, இந்திய நேரம்னு அர்த்தம். ஆர்.எஸ்.எஸ். தேதி எழுதுற முறை 1982-ல மின்னஞ்சலுக்காக எழுதின தரத்துலேருந்து வந்தது. அதுல பேர் சொல்லிக் குறிப்பிட்ட நேரமெல்லாம் கிரீன்விச்சும் அமெரிக்காவோட நாலு மண்டலமும்தான். நம்ம ஊருக்குப் பேர் கிடையாது, +0530ன்னு எண்ணாத்தான் எழுதணும். அதனால என் நிரல் அதை கிரீன்விச் நேரம்னு எடுத்துக்கிச்சு. ராத்திரி 10 மணிச் சேதி மறுநாள் விடியக்காலம் 3.30 மணிச் சேதியா ஆயிடுச்சு. இன்னும் வராத நேரத்துச் செய்தியைத் தள்ளிடுன்னு நானே ஒரு அதிமேதாவி நிபந்தனை வேற போட்டு வச்சிருந்தேன். தள்ளிடுச்சு.

இன்னொண்ணு நம்ம மொழி சம்பந்தப்பட்டது. கொள்ளிடம்ங்கிற வார்த்தையில முதல் எழுத்து 'கொ'. யூனிகோடுல இதோட ஒகரக் குறியை ஒரே குறியாவும் எழுதலாம், முன்னாடி கொம்பு பின்னாடி கால்னு ரெண்டு குறியாவும் எழுதலாம். திரையில ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். நிரலுக்கு ரெண்டும் வேற வேற வார்த்தை. கடலூருக்கு இந்தத் தொல்லை இல்ல, கொள்ளிடத்துக்கு உண்டு. அதாவது கடலூர் சேதி தப்பிச்சாலும் சிதம்பரம் சேதி பாதி கிடைக்காம போயிருக்கலாம். ஒப்பிடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்கு மாத்தணும். பைத்தான்லயே அதுக்கு வழி இருக்கு, ஒரு வரி வேலை. எந்த ஓடை லைப்ரரியும் இதை நமக்காக யோசிச்சு வைக்கும்னு எதிர்பார்க்கக் கூடாது. தமிழ் படிக்கிறவன் நாமதானே.

அப்ப ஃபீட்பார்சரைத் தூக்கிப் போட்டேனான்னு கேட்டா, இல்லீங்க. அதோட வேலையை மட்டும் குறைச்சேன். இப்ப ஓடையை எடுத்துட்டு வர்றது தனி. இத்தனை விநாடிக்குள்ள வரலன்னா விட்டுடுன்னு கெடு வச்சு நானே எடுக்குறேன். சர்வர் 200ன்னு சொன்னா உள்ள என்ன இருக்குன்னு ஃபீட்பார்சர்கிட்ட கொடுக்குறேன். 304ன்னு சொன்னா நிஜமாவே புதுசு இல்ல. வேற எது வந்தாலும், எதுவுமே வராட்டியும், கணக்கு 0 இல்ல, 'தெரியல'. போஸோ கொடி ஏறியிருந்து பட்டியலும் காலியா இருந்தா அதுவும் 'தெரியல'தான்.

அதோட மூல இடத்துக்கே போனேன். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தோட 'சசேத்' தளம் இருக்கு, சி-டாட் செஞ்சு கொடுத்தது. அது 'கேப்'ங்கிற பொது எச்சரிக்கை முறையில எச்சரிக்கை வெளியிடுது. உலகம் முழுக்கப் புழங்குற தரம், 1.2 பதிப்பு 2010-ல வந்தது. இதுல எவ்வளவு தீவிரம், எவ்வளவு அவசரம், எவ்வளவு உறுதி, எந்தப் பகுதி, எப்ப காலாவதின்னு ஒவ்வொண்ணுக்கும் தனிக் கட்டம். இது புது எச்சரிக்கையா, திருத்தமா, ரத்தான்னும் இருக்கும். நேரமும் +05:30ன்னு மயக்கமில்லாம எழுதணும். இந்தக் கோப்பைப் படிக்க மட்டும் நான் பழைய ஸ்ட்ரிக்ட் வாத்தியாரையே கூப்பிட்டேன். ஏன்னா செய்தித் தலைப்புல ஒரு குறி தப்பா இருந்தா மன்னிச்சுப் படிக்கலாம். அபாய எச்சரிக்கையில பாதி தெரியாம ஊகிச்சுப் படிக்கிற ஆள் எனக்கு வேணாம். பிழையா இருந்தா கத்தட்டும், நான் எழுந்து பார்த்துக்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அத்தைக்குப் புது மோட்டார் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கவே மாட்டேன்னாங்க, மாமாதான் வாங்கிக்கச் சொன்னார். சுவத்துல தண்ணி நின்ன கோடு அப்படியே இருந்துச்சு, இன்னும் வெள்ளையடிக்கல. உக்காந்து எல்லாத்தையும் விளக்கினேன், போஸோ வரைக்கும். அத்தை நூல் கோத்துக்கிட்டே கேட்டாங்க.

"அப்ப இனிமே அதுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுமா?"

"சொல்லும் அத்தை. ரெண்டு மணி நேரமா தகவல் எடுக்க முடியல, நீங்களே விசாரிச்சுக்குங்கன்னு அனுப்பும்."

"அதுவே செத்துப் போச்சுன்னா?"

இந்தக் கேள்வியை எங்க டீம்ல ஒரு டெஸ்டர்கூட இவ்வளவு சீக்கிரம் கேட்டதில்ல. யோசிச்சேன். சின்ன வயசுல எங்க தெருவுல ராத்திரி கூர்க்கா விசில் ஊதிட்டுப் போவார். திருடன் வந்தா மட்டும் ஊதுறவர் இல்ல அவர், ஒண்ணும் இல்லாத ராத்திரியிலயும் ஊதுவார். ஒருநாள் விசில் கேக்கலன்னா அப்பா எழுந்து உக்காந்துடுவார். அதையே வச்சேன். இப்ப தினமும் காலையில 6 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும், மழை இருந்தாலும் இல்லாட்டியும், 'இருக்கேன், எல்லா ஓடையும் படிச்சேன்'னு ஒரு வரி போகும். அது வரலன்னா மெசின் செத்துடுச்சுன்னு அர்த்தம், ஆட்டோ சத்தத்தைக் கேளுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். "ஆட்டோ வந்தா மெசினைப் பார்க்காம கிளம்பிடணும் மாமா"ன்னு தனியா ரெண்டு தடவை சொன்னேன். "சரி மாப்ள, அதான் இந்தத் தடவை பார்த்தாச்சே"ன்னார்.

அத்தை தினமும் காலையில அந்த வரிக்கு 'சரிப்பா'ன்னு பதில் போடுறாங்க. மெசின்தான் அனுப்புது, பதில் போட வேணாம் அத்தைன்னு சொல்லிப் பார்த்துட்டேன், கேக்கல. இப்ப நானும் அந்தச் சரிப்பாவைப் பார்த்துட்டுத்தான் பல்லு விளக்கவே போறேன்.

பி.கு: ஓடை படிக்க லைப்ரரி தேடுற புண்ணியவான் யாராவது இதைப் படிச்சா, எடுத்ததும் முதல் வேலையா நெட் ஒயரைப் பிடுங்கிட்டு ஓட்டிப் பாருங்க. அப்ப அது என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. அண்டாவுல தண்ணி ஊத்திப் பார்க்கிறதுன்னா அதுதான் :-)